கொம்புத்தேனும் நூலேணியும்

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அறையில் ஒரு பழமொழி சொல்லப்பட்டது. சொன்னவர் தமிழ் கற்றவர். குற்றாலக் குறவஞ்சியைப் பக்கம் பக்கமாக ஒப்பிக்கக் கூடியவர். யாருக்கும் தீங்கு நினையாதவர். கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கட்டுரை பிறருக்கு அறிவுரை கூறும் பொருட்டு எழுதப்படுவதன்று. அன்று சிரித்த சிரிப்புக்குக் கணக்குக் கொடுக்கும் பொருட்டே எழுதப்படுகிறது.

'முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா?' என்பது அந்தப் பழமொழி. அது சொல்லப்பட்ட சூழல் இதுதான். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிப்போய், கேலிப்பர் மாட்டி ஊன்றுகோலோடு நடக்கும் சக ஆசிரியர் ஒருவர், தமக்குரிய வகுப்புகளைத் தரைத்தளத்தில் அமைத்துத் தருமாறு கால அட்டவணைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய வகுப்புகள் இரண்டாம் மாடியில் இருந்தன. படிகள் நாற்பத்திரண்டு. ஒரு நாளில் மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். குழுவில் நானும் இருந்தேன். 'ஒருவருக்குச் செய்தால் எல்லாரும் கேட்பார்கள்' என்று ஒருவர் சொன்னார். 'விதி எல்லாருக்கும் ஒன்றுதானே' என்று நான் சொன்னேன். கடிதம் 'பரிசீலிக்க இயலாது' என்ற குறிப்போடு திரும்பிப் போயிற்று. அந்தப் பேச்சின் நடுவேதான் பழமொழி வந்து விழுந்தது.

இன்று நினைத்துப் பார்க்கையில் என்னை உறுத்துவது அந்தப் பழமொழியின் கொடுமை மட்டுமல்ல, அதன் பொருத்தமின்மையும்தான். அவர் உயரத்திலிருந்த தேனைக் கேட்கவே இல்லை. தரையிலிருந்த ஒரு வகுப்பறையைக் கேட்டார். உயரத்தில் கொண்டுபோய் வைத்தவர்கள் நாங்கள்.

அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். எழுதியதைப் படித்தவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். ஓரிடத்தில் நான் 'பாவம்' என்று எழுதியிருந்தேன். அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். கல்லூரியின் பெயரும் அவர் பெயரும் இங்கே தேவையில்லை. இதைப் படிக்கும் ஆசிரியர்களும் அலுவலர்களும் தத்தம் கட்டடத்தின் படிகளை எண்ணிக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்துச் சாரலை அறியாதவர்களுக்கு ஒரு சொல். ஆனி பிறந்துவிட்டால் தென்காசியிலும் குற்றாலத்திலும் காற்றே ஈரமாக இருக்கும். வெளியூர் அன்பர்கள் அதை அனுபவிக்க ஓடி வருவார்கள். நாங்களும் சாரல் பற்றி நிறையவே கவிதை எழுதியிருக்கிறோம். அதே சாரல் திறந்த தாழ்வாரங்களிலும் படிகளிலும் மெல்லிய நீர்ப்படலமாகப் படியும்போது, ஊன்றுகோலின் அடியிலுள்ள ரப்பர் குமிழ் எங்கும் பிடிப்பதில்லை. கடிதம் திரும்பிய இரண்டாம் ஆண்டில், ஒரு ஆடி மாதக் காலையில், முதல் மாடித் திருப்பத்தில் அவர் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஊன்றுகோல் பிடிக்கும் கை அது. ஆறு வாரம் விடுப்பு எடுத்தார். அந்த விடுப்பு அவருடைய சொந்த மருத்துவ விடுப்புக் கணக்கில் கழிக்கப்பட்டது. நாங்கள் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து வந்தோம்.

பழமொழிக்குத் திரும்புகிறேன். குற்றால மலையில் தேனருவி என்றே ஓர் அருவி உண்டு. பாறை முகடுகளில் தேனடைகள் தொங்குவதால் வந்த பெயர் என்பார்கள். அத்தகைய அடையை எந்த மனிதனும் வெறுங்காலின் வலிமையால் மட்டும் எடுத்துவிடுவதில்லை. காட்டுக்கொடியைத் திரித்த நூலேணி வேண்டும். ஈயை விரட்டப் புகைப்பந்தம் வேண்டும். மேலே நின்று கொடியைப் பற்றிக்கொள்ள நம்பகமான உறவினன் ஒருவன் வேண்டும். இத்தனையும் கொண்டு இறங்குபவனை நாம் வீரன் என்கிறோம். அதே ஏணியை இன்னொருவன் கேட்கும்போது மட்டும் அதற்குச் 'சலுகை' என்று பெயர் மாறிவிடுகிறது. பழமொழி மறைப்பது இந்த ஏணியைத்தான். அதில் முடவன் இருக்கிறான், கொம்பு இருக்கிறது, தேன் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் ஏறிப்போன ஏணி மட்டும் இல்லை.

சலுகை என்ற இந்தச் சொல்லே வழக்கின் மையம் என்று கருதுகிறேன். இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் வழியாக ஒரு கருத்து நம் சட்டத்துக்குள் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதற்கு வரையறை தருகிறது. ஒரு குறிப்பிட்ட நேர்வில், அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தாத வகையில், மாற்றுத்திறனாளி ஒருவர் பிறருக்குச் சமமாகத் தம் உரிமைகளைத் துய்ப்பதற்குத் தேவையான, பொருத்தமான மாறுதல்களைச் செய்வது என்பது அதன் சாரம். இதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் இல்லை. 'தகவமைப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். உயிரியலில் தகவமைப்பு என்பது சூழலுக்கேற்ப உயிர் தன்னை மாற்றிக்கொள்வது. இங்கே மாற வேண்டியது சூழல். எனவே 'தக்க ஏற்பாடு' என்று நான் எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல்லை யாரேனும் தந்தால் ஏற்றுக்கொள்வேன். 'சலுகை' என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

ஏனெனில் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. தக்க ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாட்டின் ஒரு வடிவம் என்று அதன் 2ஆம் பிரிவு கூறுகிறது. 20ஆம் பிரிவு, அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தக்க ஏற்பாடும் தடையற்ற சூழலும் தர வேண்டும் என்கிறது. அரசு உதவி பெறும் நிறுவனங்களும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்தால் அதைக் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய பணி இயலாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையேல் உபரிப் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவிலேயே இருந்தது. பணியில் காயமுற்றுக் கால் அகற்றப்பட்ட காவலர் குணால் சிங்கின் வழக்கில் 2003இலேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது.

தனியார் நிறுவனங்களில் சட்டத்தின் குரல் தாழ்ந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களையே நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. ஆயினும் 21ஆம் பிரிவின்படி எந்த நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். இருபது பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பணிபுரியும் தனியார் நிறுவனம், துணைக்கருவிகள், தடையற்ற அணுகல், தொடர்பு அலுவலர் ஆகியவை பற்றியும் அதில் எழுத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. உங்கள் அலுவலகத்தில் அந்தக் கொள்கையைப் பார்த்திருக்கிறீர்களா? நான் இருபது ஆண்டுகளாக ஆசிரியன். ராகிங் தடுப்புப் பலகையைப் பார்த்திருக்கிறேன். புகைபிடித்தல் தடைப் பலகையைப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை.

நீதிமன்றங்களுமே இந்தக் கருத்தை ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடவில்லை. தமிழகத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்று இதற்குச் சான்று. உரிமையியல் நீதிபதிப் பதவிக்கு விண்ணப்பித்த, 70 விழுக்காடு பார்வைக் குறைபாடுடைய வழக்குரைஞர் ஒருவர், 40 முதல் 50 விழுக்காடு வரை குறைபாடு உடையவர்களுக்கே அப்பதவி என்ற வரம்பினால் விலக்கப்பட்டார். சுரேந்திர மோகன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அவ்வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பைச் சரி என்றது. 2021 பிப்ரவரியில், தேர்வெழுத உதவியாளர் கேட்ட விகாஷ் குமாரின் வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் தக்க ஏற்பாடு என்ற கோட்பாட்டைக் கருதாத 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கட்டுப்படுத்தும் முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்றது. சம்பந்தப்பட்டவரோடு பேசி அவருக்கு என்ன தேவை என்று தனித்தனியே அறிவதே இக்கோட்பாட்டின் உயிர் என்றும் விளக்கியது. 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பார்வைக் குறைபாட்டைக் காரணமாகக் கொண்டு மட்டும் ஒருவரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இப்படி ஆறு ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் தன்னைத் திருத்திக்கொண்டது. எங்கள் கால அட்டவணைக் குழுவுக்கும் ஏறக்குறைய அதே அளவு காலம் தேவைப்பட்டது. நாற்பத்திரண்டு படிகளின் விஷயத்தில் அது மன்னிக்கத்தக்க காலம் அன்று.

இனி, வழக்கமாகக் கேட்கும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதலாவது, பணமில்லை என்பது. கால அட்டவணையில் இரண்டு வகுப்பறைகளை இடம் மாற்றுவதற்கு ஒரு ரூபாயும் ஆகாது. சாய்தளத்துக்குப் பணம் ஆகும். அதுவும் எவ்வளவு விரைவில் கிடைக்கும் என்பதை எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் கண்டேன். தலைமை விருந்தினர் மூத்தவர். சக்கர நாற்காலியில் வருவதாகத் தகவல் வந்தது. முந்தைய நாள் மாலை தச்சர் இருவர் வந்தார்கள். இரவோடு இரவாகக் கலையரங்கப் படிகளின் மேல் பலகைச் சாய்தளம் எழுந்தது. சிவப்புக் கம்பளமும் விரித்தார்கள். அன்று ஒரு நாள் மட்டும் எங்கள் நண்பர் யாருடைய தோளையும் பற்றாமல் அரங்குக்குள் போனார். மறுநாள் காலை பந்தல்காரர்கள் அதைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பணமில்லை என்ற வாதத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.

இரண்டாவது, கட்டடம் பழையது, அமைப்பை மாற்ற முடியாது என்பது. இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் அணுகத்தக்கனவாக்க வேண்டும் என்று சட்டம் காலவரையறை விதித்தது. விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து எண்ணினால் 2022 ஜூனிலேயே அது முடிந்துவிட்டது. பழமையைக் காரணம் காட்டுபவர்கள் தென்காசிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம். பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இத்திருப்பணியில் குறை நேர்ந்து அதைச் சரிசெய்வோர் எவராயினும் அவரை வணங்குவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். நெடுங்காலம் சிதைந்து நின்ற அந்தக் கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்தது. தான் கட்டியது குறையுடையதாகலாம் என்று ஓர் அரசனால் எண்ண முடிந்திருக்கிறது. பொதுப்பணித் துறை வரைபடத்தைக் கைவைக்கக் கூடாத புனித நூலாகக் கருதுவது நாம்தாம்.

மூன்றாவது, தன்னம்பிக்கை வாதம். இது நம் வாசகர்களுக்கு மிகவும் பிடித்தமானது. 'அவருடைய மன உறுதியைப் பாருங்கள். கால் இல்லாமலேயே மாடி ஏறுகிறாரே' என்பார்கள். வள்ளுவரையும் துணைக்கு அழைப்பார்கள். ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறியின்மை எவருக்கும் பழியாகாது, முயற்சியின்மையே பழி என்கிற குறளைச் சுவரில் எழுதி வைப்பார்கள். பொறி என்பதற்குப் பரிமேலழகர் விதி என்று பொருள் கொள்கிறார். உடலுறுப்பு என்று கொள்வாரும் உண்டு. எப்பொருள் கொண்டாலும் அக்குறளின் பின்பாதி யாரை நோக்குகிறது என்பதை மட்டும் நாம் கேட்பதே இல்லை. அன்றாடம் நாற்பத்திரண்டு படி ஏறியவரிடம் முயற்சியின்மை இல்லை. ஓர் அட்டவணையைத் திருத்த ஆறு ஆண்டு எடுத்துக்கொண்டவர்களிடம் அது ஏராளமாக இருந்தது.

நான்காவது மறுப்பு எங்கள் வட்டாரத்துக்கே உரியது. 'ஆய்க்குடி இருக்கிறதே' என்பார்கள். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் தண்டுவடம் முறிந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞர் எஸ். ராமகிருஷ்ணன். தம் சொந்த ஊரான ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தசைச் சிதைவு நோயுடன் சக்கர நாற்காலியிலிருந்து இயங்கும் பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாங்கள் எல்லாரும் பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நாம் செய்வது என்ன? பிறந்தநாளுக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வருகிறோம். அங்கிருந்து தேறி வெளிவரும் பெண்ணோ பையனோ நம் வங்கியில், நம் பள்ளியில், நம் கல்லூரியில் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்காரும்போது, அவர்களுக்கேற்ற கழிவறை எங்கே இருக்கிறது என்று யோசித்திருக்கிறோமா? கழுத்துக்குக் கீழே அசையாத ஒருவர் ஓர் ஊருக்கே மருத்துவமும் கல்வியும் தொழிற்பயிற்சியும் ஏற்பாடு செய்து காட்டியிருக்கிறார். கை கால் நன்றாக உள்ள நிர்வாகங்கள் அவரைப் புகழ்வதன் மூலம் தம் கடமையை அவர் தலையில் ஏற்றிவிடுகின்றன.

ஐந்தாவது, 'எல்லாரும் கேட்பார்கள்.' கேட்கட்டும். பேரருவியில் குளிக்கப் போனவர்கள் அங்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். நீரின் வேகத்தில் நிலைதடுமாறாமல் பிடித்துக்கொள்வதற்காக வைத்தவை. பயில்வானும் பிடித்துக்கொள்கிறார், முதியவரும் பிடித்துக்கொள்கிறார். கம்பியைப் பற்றியவனைப் பலவீனன் என்று யாரும் சொல்வதில்லை. வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டிவிட்டால் எல்லாரையும் வெளியேற்றுகிறார்கள்; அதையும் யாரும் சலுகை என்பதில்லை. மனித உடல் நீரின் முன் எளியது என்பதை அருவிக்கரையில் ஒப்புக்கொள்ளும் நாம், அலுவலகப் படிக்கட்டின் முன் மறந்துவிடுகிறோம்.

இலக்கிய வாசகர்களுக்கு ஒரு பழைய சான்றைச் சொல்லி என் வாதத்தின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். ஐயூர் முடவனார் என்று ஒரு சங்கப் புலவர். பெயரே அவர் உடல்நிலையைச் சுட்டுவதாகக் கொள்வர். புறநானூற்றின் 399ஆம் பாட்டு அவருடையது. தாமான் தோன்றிக்கோன் என்னும் வள்ளலிடம் செல்லும் அவர் பொன்னோ பொருளோ கேட்கவில்லை. வண்டியிழுக்கும் பகடு ஒன்றைக் கேட்கிறார். ஊர் ஊராகச் சென்று பாடுவது புலவர் தொழில். நடக்க இயலாதவர் அத்தொழிலைச் செய்ய வண்டியும் எருதும் வேண்டும். அவர் கேட்டது தொழிற்கருவி; இன்றைய சட்டமொழியில், தக்க ஏற்பாடு. தோன்றிக்கோனோ ஒன்று கேட்டவருக்கு விண்மீன்கள் போன்ற ஆநிரையையும் ஊர்தியையும் சேர்த்தே கொடுத்தான். சான்றிதழ் கேட்கவில்லை. 'எல்லாப் புலவரும் கேட்பார்களே' என்று தயங்கவும் இல்லை.

இந்தப் பாட்டை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். வள்ளலின் கொடைச் சிறப்பு என்றே நடத்தினேன். இப்போது அதில் வேறொன்று தெரிகிறது. தோன்றிக்கோன் நல்லவனாக இருந்ததால் முடவனாருக்கு வண்டி கிடைத்தது. அடுத்த ஊர்த் தலைவன் அவ்வாறு இல்லாதிருந்தால்? ஈகையின் குறை அங்கேதான் இருக்கிறது. பெறுபவன் கொடுப்பவனின் மனநிலையை ஒவ்வொரு நாளும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். உரிமைச் சட்டம் என்ற ஒன்று வந்ததே அந்த அளவையிலிருந்து விடுவிப்பதற்காக.

இந்த ஆண்டு கால அட்டவணைக் குழுவின் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு பிற்பகல் உட்கார்ந்தேன். எங்கள் நண்பரின் வகுப்புகள் எல்லாம் தரைத்தளத்துக்கு வந்துவிட்டன. வேறு இருவர் கேட்டார்கள். ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணி, மற்றவர் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இருவருக்கும் செய்தோம். வானம் இடிந்து விழவில்லை. நண்பர் அறைக்கு வந்து நன்றி சொன்னார். அந்த நன்றிதான் என்னைச் சுட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு மறுத்தவனும் நான், இன்று கொடுத்தவனும் நான். இடையில் அவருடைய உரிமை மாறவில்லை. என் மனம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போனால் நாற்பத்திரண்டு படிகளும் திரும்பி வந்துவிடும்.

ஆகவே நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்திருக்கிறேன். சமவாய்ப்புக் கொள்கையை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். குறைகளைக் கேட்கும் அலுவலர் யார் என்று அதில் குறிப்பிட வேண்டும். தரைத்தளத்தில் அகன்ற கதவுள்ள கழிவறை ஒன்றும், பந்தல்காரர் பிரித்துக்கொண்டு போக முடியாத சிமெண்டுச் சாய்தளம் ஒன்றும் வேண்டும். கீழே பதினொரு பேர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அன்று பழமொழி சொன்னவருடையது மூன்றாவது கையொப்பம். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அவருக்கு எழுதுவதற்கான கடிதத்தையும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.